பட்டனை அமுக்கினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்: 2007 மாடல் 150 சிசி, செல்ஃப் (பட்டன் ஸ்டார்ட்) பிரச்சினை

10.11.2023 (செங்கல்பட்டு வாசகரின் கேள்வி)

“அண்ணா, 2007 வண்டி, 150 சிசி. ரெண்டு மாசமா செல்ஃப் எடுக்கல. பட்டனை அமுக்கினா சீட்டுக்கு அடியில ‘டக்’னு ஒரே ஒரு சத்தம், மோட்டார் ‘ம்ம்’னு லேசா முனகும், நின்னுடும். கிக்கர்ல ஒரே உதைதான், ஸ்டார்ட் ஆகிடுது. பேட்டரி புதுசு போட்டாச்சு. ரிலேயும் மாத்தியாச்சு. ஹார்ன் கணீர்னு அடிக்குது, அதனால கரண்ட் இருக்கு. மோட்டார் போயிடுச்சு, புதுசுதான் போடணும்னு மெக்கானிக் சொல்றார். போட்டுடலாமா?”

11.11.2023, காலை

இப்போதைக்குப் போடாதீர்கள்.

எந்தக் கம்பெனி வண்டி என்று எழுதாமல் விட்டது நல்லதாகப் போயிற்று. எழுதியிருந்தால் இந்நேரம் அந்தச் சண்டைதான் ஓடிக்கொண்டிருக்கும். 150 சிசி, 12 வோல்ட், 9 ஏஹெச் (ஆம்பியர்-அவர்) பேட்டரி என்றால் எல்லாக் கம்பெனிக்கும் கதை ஏறக்குறைய ஒன்றுதான். என்னிடம் இருப்பதும் அதே காலத்து வண்டி. பிழைப்பு கிண்டி தொழிற்பேட்டையில் மெயின்டனன்ஸ் எலெக்ட்ரீசியன், அதனால் மோட்டார் ஓடாத கதை தினமும் கேட்கிற கதை.

முதலில் ஹார்ன். ஹார்ன் இழுப்பது இரண்டு மூன்று ஆம்பியர். இந்த அளவு வண்டியில் செல்ஃப் மோட்டார் என்ஜினைச் சுற்றும்போது இழுப்பது சுமார் ஐம்பது, முதல் நொடியில் அதைவிடவும் அதிகம். குழாயில் தண்ணீர் சொட்டுகிறது, அதனால் வயலுக்குப் பாய்ந்துவிடும் என்று சொல்ல முடியுமா? ஹார்ன் அடிப்பதை வைத்து செல்ஃபைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. ஹெட்லைட்டும் சாட்சி இல்லை. அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட் பேட்டரியிலிருந்து எரிவதே இல்லை, என்ஜின் ஓடினால் நேராக என்ஜினுக்குள் இருக்கும் காயிலில் இருந்து வருகிற கரண்டில் எரியும்.

அடுத்தது சத்தம். ரிலே என்பது பட்டனின் சின்னக் கரண்டை வைத்து மோட்டாருக்குப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச், அதை இழுப்பது உள்ளே இருக்கும் காயில். பட்டனை அமுக்கியும் சத்தமே இல்லை என்றால் ரிலேயின் காயிலுக்கே கரண்ட் போகவில்லை. ஃபியூஸ், கில் சுவிட்ச், பட்டன், கிளட்ச் லிவருக்கு அடியில் சுண்டுவிரல் நகம் அளவு இருக்கும் சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச், இதில் ஏதோ ஒன்று. ‘டட்டட்டட்’ என்று அடுக்காக அடித்தால் பேட்டரியில் தெம்பு இல்லை: காயில் ரிலேயை இழுக்கிறது, மோட்டார் கரண்டை உறிஞ்சியதும் வோல்டேஜ் படுத்துவிடுகிறது, காயில் விட்டுவிடுகிறது, சுமை போனதும் வோல்டேஜ் எழுந்து மறுபடி இழுக்கிறது. உங்களுக்கு வருவது ஒற்றை ‘டக்’. ரிலே இழுத்துப் பிடித்துக்கொண்டு இருக்கிறது. அப்படியானால் கோளாறு ரிலேக்கு அந்தப் பக்கம், அல்லது எர்த்தில் (மோட்டாரிலிருந்து பேட்டரி மைனஸுக்குக் கரண்ட் திரும்பும் வழி). மோட்டாராகவும் இருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அளக்காமல் முடிவு கட்டக் கூடாது.

மல்டிமீட்டர் வாங்குங்கள். முன்னூறு ரூபாய்க்குள் கிடைக்கும் மஞ்சள் கலர் மீட்டரே போதும். டிசி 20 வோல்டில் வையுங்கள். பேட்டரியின் இரண்டு முனையிலும் குத்தி, பட்டனை அமுக்காமல் ஒன்று, அமுக்கும்போது ஒன்று, இரண்டு எண்ணையும் இங்கே எழுதுங்கள்.

11.11.2023, இரவு

பேட்டரி புதுசு என்று சொன்னதைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. கடையில் என்ன நடக்கிறது? காய்ந்த பேட்டரியை எடுக்கிறார்கள், ஆசிட் ஊற்றுகிறார்கள், ஒரு டீ குடிக்கிற நேரம் வைத்துவிட்டு வண்டியில் மாட்டிவிடுகிறார்கள். அப்படி ஊற்றிய பேட்டரி முழுத் தெம்போடு இருக்காது. முதல் சார்ஜ் என்று ஒன்று இருக்கிறது. 9 ஏஹெச் பேட்டரிக்கு 0.9 ஆம்பியரில், மெதுவாக, ராத்திரி முழுக்க. அதைக் கேட்டு வாங்குபவர் பத்தில் ஒருவர்கூட இல்லை. வேகமாக ஏற்றித் தருகிறேன் என்று நாலைந்து ஆம்பியரில் போட்டுக் கொதிக்க விடுகிறவர்களும் உண்டு, அவர்களிடம் கொடுக்க வேண்டாம்.

டிஸ்டில்ட் வாட்டருக்குப் பதில் வீட்டு ஆர்ஓ தண்ணீர் ஊற்றலாமா என்று ஒருவர் தனியாகக் கேட்டார். வேண்டாம். ஆர்ஓவில் உப்பு குறைகிறதே தவிர ஒழிந்துவிடுவதில்லை.

12.11.2023

இன்று தீபாவளி. தெருவில் வெடிக்கிற சரத்துக்கு நடுவே ரிலே ‘டக்’ சொன்னாலும் கேட்காது. பலகாரத்தைச் சாப்பிடுங்கள், நாளை பார்ப்போம்.

14.11.2023

செங்கல்பட்டுத் தம்பி எண் அனுப்பியிருக்கிறார். அமுக்காமல் 12.7. அமுக்கும்போது 11.9.

“பார்த்தீங்களா அண்ணா, பேட்டரி சூப்பர், அப்ப மோட்டார்தான்” என்று அவரே தீர்ப்பும் எழுதிவிட்டார். பொறுங்கள் தம்பி. பேட்டரி நன்றாக இருக்கிறது என்பது சரி. ஆனால் செல்ஃப் ஒழுங்காகச் சுற்றும் வண்டியில் அமுக்கும்போது மீட்டர் 10, 10.5 என்று இறங்கும். இறங்க வேண்டும். மோட்டார் வேலை செய்தால் கரண்ட் இழுக்கும், கரண்ட் இழுத்தால் பேட்டரி குனியும். உங்கள் பேட்டரி குனியவே இல்லையே. வழியில் எங்கோ அடைப்பு இருக்கிறது என்றுதான் இதற்கு அர்த்தம்.

இதுவே 7, 8 என்று விழுந்திருந்தால் வேறு கதை. பேட்டரி சொத்தை, இல்லாவிட்டால் மோட்டார் உள்ளே ஷார்ட் ஆகிக் கரண்டைக் குடிக்கிறது, இல்லாவிட்டால் சிக்கிக்கொண்டு நிற்கிறது.

பெரும்பாலான பட்டறைகளில் இந்த இரண்டாவது எண்ணை யாரும் பார்ப்பதில்லை. நின்ற வண்டியில் மீட்டரைக் குத்துவார்கள், 12.6 காட்டும், “பேட்டரி ஓகே” என்பார்கள். பிறகு ரிலே, பிறகு மோட்டார் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போவார்கள். கடைசியில் ஏதோ ஒன்றில் சரியாகிவிடும். செலவு முழுவதும் நம் தலையில்.

இனி அடைப்பைத் தேட வேண்டும். மூன்று இடம், மூன்றிலும் பட்டனை அமுக்கிக்கொண்டே அளக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் இரண்டு நொடிக்கு மேல் வேண்டாம். சிவப்பு முனையைப் பேட்டரி பிளஸ்ஸிலும் கறுப்பு முனையை மோட்டாரின் தலையில் இருக்கும் போல்ட்டிலும் வையுங்கள். அமுக்காதபோது 12 சொச்சம் காட்டும், பயப்படாதீர்கள், ரிலே திறந்திருப்பதால் அப்படி. அமுக்கும்போது அது அரை வோல்டுக்குக் கீழே விழ வேண்டும். அடுத்தது ரிலேயின் இரண்டு பெரிய போல்ட்டுக்கு நடுவே, அமுக்கும்போது 0.2 அளவில் இருந்தால் நல்லது. மூன்றாவதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்: பேட்டரி மைனஸில் ஒரு முனை, மோட்டார் உடம்பில் பெயிண்ட் இல்லாத இடத்தில் ஒரு முனை. இதிலும் 0.2, 0.3 தாண்டக் கூடாது.

வண்டி நியூட்ரலில் இருக்கட்டும். ஸ்பார்க் பிளக் கேப்பைக் கழற்றி, அதில் வேறொரு பிளக்கைச் செருகி என்ஜின் மேல் படும்படி வைத்துவிடுங்கள். அளந்துகொண்டிருக்கும்போது வண்டி ஸ்டார்ட் ஆகித் தொலைக்கக் கூடாது.

15.11.2023

“ஓம்ஸில் வைத்து ஒயரை அளந்தேன், 0.4 காட்டுகிறது, ஒயர் நன்றாக இருக்கிறது” என்று மதுரையிலிருந்து ஒருவர். ஐயா, உங்கள் மீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். அதுவே 0.3, 0.4 காட்டும். நமக்குத் தொல்லை தரும் தடை அதைவிடச் சின்னது. 0.05 ஓம் போதும். 50 ஆம்பியர் போனால் இரண்டரை வோல்ட் அங்கேயே காலி. அந்த 0.05-ஐ இந்த மீட்டர் ஜென்மத்துக்கும் காட்டாது. ஒயரில் இருபது இழை அறுந்து ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் கன்டினியூட்டி பீப் (வழி அறுந்துபோகவில்லை என்று மீட்டர் போடும் சத்தம்) அழகாக அடிக்கும். அதனால்தான் ஓடும்போது வோல்ட் அளக்கச் சொல்கிறேன்.

17.11.2023

வந்துவிட்டது விடை. பிளஸ் பக்கம் முழுவதும் (ரிலேயையும் சேர்த்து) 0.4. எர்த் பக்கம் 5.1!

கூட்டிப் பாருங்கள். பேட்டரியில் 11.9. அதில் 0.4 போகும் வழியில், 5.1 திரும்பி வரும் வழியில் தொலைகிறது. மோட்டாருக்கு மிச்சம் 6.4. பாதித் தீனியைப் போட்டுவிட்டு மோட்டார் செத்துவிட்டது என்றால் அது என்ன செய்யும்? முனகும்.

எனக்கு ஒரு சந்தேகம் வந்து கேட்டேன்: செல்ஃப் அமுக்கும்போது கிளட்ச் கேபிளோ ஆக்ஸிலேட்டர் கேபிளோ சுடுகிறதா? தம்பி எழுதுகிறார்: “ஆமா அண்ணா! ஒருநாள் கிளட்ச் கேபிள்ல இருந்து லேசா பொகை வந்துச்சு, வெயில்ல தூசி எரியுதுன்னு நெனச்சேன்.” வெயிலாவது தூசியாவது. பெரிய கரண்ட் எப்படியாவது வீட்டுக்குத் திரும்பத்தான் பார்க்கும். எர்த் ஒயரில் வழி இல்லை என்றால் என்ஜினிலிருந்து கிளட்ச் கேபிள் வழியாக ஹேண்டில்பாருக்கு ஏறி, அங்கிருந்து ஃபிரேம் வழியாகப் பேட்டரிக்கு வரும். கேபிளின் உள்கம்பி அதற்காகச் செய்ததா? பழுக்கும், உள்ளே இருக்கும் நைலான் உருகும், அப்புறம் “கிளட்ச் ஏன் இவ்வளவு கெட்டியா இருக்கு” என்று தனியாக ஒரு கேள்வி வரும்.

அடுத்துக் கேட்டேன்: சமீபத்தில் வண்டிக்கு என்ன வேலை பார்த்தீர்கள்? பெயிண்ட். ஃபிரேம், என்ஜின் கவர், எல்லாம் கழற்றிப் பளபளவென்று. எப்போது? ரெண்டு மாசம் முன்னாடி. அடப்பாவி, அதை முதல் வரியில் சொல்லக் கூடாதா!

18.11.2023

எர்த் ஒயர் என்ஜின் போல்ட்டில் மாட்டும் இடத்தைக் கழற்றிப் படம் அனுப்பியிருக்கிறார். பார்க்கவே அழகு. லக் (ஒயர் முனையில் இருக்கும் உலோக வளையம்) மேல் கறுப்புப் பெயிண்ட், லக்குக்கு அடியில் பெயிண்ட், போல்ட்டின் மரையிலும் பெயிண்ட். கரண்ட் போய்க்கொண்டிருந்தது போல்ட் தலையின் ஓரத்தில் கடுகளவு உராய்ந்த இடத்தில் மட்டும். அந்த இடம் கருகி நீலம் பாய்ந்திருக்கிறது.

செய்ய வேண்டியது: முதலில் பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். லக் உட்காரும் இடத்தை வெள்ளை உலோகம் தெரியும்வரை சுரண்டுங்கள், ஒரு ரூபாய்க் காசு அகலம் போதும். பல் வைத்த வாஷர் போட்டு இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள், இறுக்குவதற்கு முன் அல்ல. லக்கையும் ஒயரையும் சேர்த்துப் பிடித்திருக்கும் இடத்தில் ரப்பர் உறையைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் பாருங்கள். உள்ளே செம்பு பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தால் சுரண்டிப் பயனில்லை, ஒயரையே மாற்றிவிடுங்கள். களிம்பு வெளியே தெரிகிற இடத்திலிருந்து உறைக்குள் விரற்கடை தூரமாவது போயிருக்கும்.

19.11.2023

செல்ஃப் எடுத்துவிட்டதாம். எர்த் பக்கம் இப்போது 0.2. அமுக்கும்போது பேட்டரி 10.3, அதாவது குனிகிறது. புது மோட்டாருக்கு வைத்திருந்த காசில் கிளட்ச் கேபிள் மாற்றப் போகிறார்.

களிம்பு என்று எழுதினாலும் எழுதினேன், “புளி போட்டு விளக்கலாமே” என்று நாலு பேர். குத்துவிளக்குக்குச் சரி. ஒயருக்கு வேண்டாம். புளிப்பும் உப்பும் இழைகளுக்கு நடுவே தங்கி, அடுத்த மழையில் முன்னைவிட வேகமாக அரிக்கும். பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்துக் கிடப்பது வேறு சமாசாரம், அது ஆசிட்டின் வேலை. அதற்கு ஆப்பசோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றினால் நுரைத்துக்கொண்டு போய்விடும். செல் மூடிகள் மூடியிருக்கட்டும், சோடா உள்ளே இறங்கினால் பேட்டரிக்குக் கேடு. கழுவித் துடைத்து வாசலின் தடவுங்கள்.

23.11.2023

ஊட்டிக்காரர் ஒருவர் கேட்கிறார்: “அமுக்கும்போது 9.6-க்குக் கீழே போனால் பேட்டரி அவுட் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. என்னுடையது காலையில் 9.2 காட்டுகிறது, ஆனாலும் ஸ்டார்ட் ஆகிறது. பேட்டரி மாற்றட்டுமா?”

9.6 என்பது மிதமான வெப்பத்துக்குச் சொன்ன கணக்கு, ஏறக்குறைய 21 டிகிரிக்கு. உங்கள் ஊர் விடியற்காலையில் பேட்டரிக்கும் விறைக்கும், ஆயிலும் கெட்டியாகி மோட்டாருக்குச் சுமை கூடும். மதியம் வெயில் வந்த பிறகு ஒருமுறை அளந்து பாருங்கள். அப்போதும் 9.2 என்றால் பேட்டரிக் கடைக்குப் போகலாம். நான் மேலே ‘10, 10.5’ என்று எழுதியது சமவெளிக்கு என்று படித்துக்கொள்ளுங்கள்.

கோயம்புத்தூரில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் சேர்த்திருப்பதும் நல்ல குறிப்பு. ரிலேயைக் குளிர்ந்த வண்டியில் மட்டும் அளந்து விட்டுவிடாதே, உள்ளே செம்புத் தகடு கருகிய ரிலே பல தடவை நல்ல எண் காட்டும், சில தடவை மட்டும் ஏமாற்றும், நாலைந்து முறை அமுக்கி எண் ஒரே மாதிரி வருகிறதா என்று பார் என்கிறார். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் சொல்லும் ஸ்குரூடிரைவர் வைத்தியம், அதுதான் ரிலேயின் இரண்டு போல்ட்டையும் ஸ்குரூடிரைவரால் இணைத்துப் பார்ப்பது, தெரிந்தவர் கைக்கு மட்டும். பொறி பறக்கும், பக்கத்திலேயே பேட்டரி, சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும் பேட்டரி. கியரில் வண்டி இருந்தால் கிளட்ச் சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச் எதையும் மதிக்காமல் பாய்ந்துவிடும். கையில் மோதிரம் இருந்தால் கழற்றிவிட்டு வாருங்கள்.

27.11.2023

எத்தனை நொடி அமுக்கலாம் என்று கேட்டவருக்கு: ஐந்து. அதற்குள் எடுக்காவிட்டால் விட்டுவிட்டுப் பத்துப் பதினைந்து நொடி பொறுங்கள். இந்தக் குட்டி மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கச் செய்யப்பட்டது அல்ல. சார்லஸ் கெட்டரிங் 1912 காடிலாக் காருக்கு செல்ஃப் கொண்டுவந்தபோது பிடித்த சூட்சுமமே இதுதான். அவர் அதற்கு முன் கடைகளின் கல்லாப்பெட்டி இயந்திரத்துக்கு மின்மோட்டார் பொருத்தியவர். கல்லாப்பெட்டி மோட்டாருக்கு ஒரு நொடி வேலை, பிறகு ஓய்வு. அப்படி ஓய்வு கிடைக்கும் மோட்டாரை அதன் சக்திக்கு மீறி விரட்டலாம், சூடு ஏறுவதற்குள் வேலை முடிந்துவிடும். முழு நேரம் ஓடும் மோட்டாரைக் காரில் வைப்பதென்றால் அந்தக் காலத்தில் பாதி இடம் அதற்கே போயிருக்கும். நாம் விரலை எடுக்காமல் அமுக்கிக்கொண்டு நின்றால் அந்தக் கணக்கு உடைகிறது. பிரஷ் (சுற்றும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கரித்துண்டு) பழுத்து, உள்ளே ஒயரைப் பற்றவைத்த சால்டர் இளகி ஒழுகும்.

தொழிற்பேட்டையில் இதற்கு ‘டியூட்டி’ என்பார்கள். லிஃப்ட் மோட்டாருக்கு ஒரு டியூட்டி, பம்ப் மோட்டாருக்கு ஒரு டியூட்டி. சரி, போதும், வேலை ஞாபகம் வருகிறது.

6.12.2023

மடிப்பாக்கம். போனில் சார்ஜ் குறைவு, சுருக்கமாக எழுதுகிறேன். மிக்ஜாம் புயல் மழையில் வண்டிகள் சீட்டுவரை மூழ்கின, என்னுடையதும். தண்ணீர் வடிந்துவிட்டது என்று செல்ஃபை அமுக்காதீர்கள். கிக்கரையும் உதைக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரியைக் கழற்றுங்கள். பிளக்கைக் கழற்றுங்கள். ஆயிலைப் பாருங்கள், காபி நிறத்தில் இருந்தால் வடித்துவிடுங்கள். மற்றது கரண்ட் வந்த பிறகு.

16.12.2023

ஆயில் இரண்டு தடவை மாற்றி, கார்புரேட்டரைக் கழுவி, கிக்கரில் வண்டி ஓடிவிட்டது. செல்ஃபை மட்டும் அமுக்காமல் வைத்திருந்தேன். இன்று ஞாயிறு வரும்வரை பொறுக்காமல் கழற்றிவிட்டேன். வெள்ளத்தில் நின்ற எந்த வண்டிக்கும் இதைச் செய்யச் சொல்வேன், ஓடினாலும் சரி, ஓடாவிட்டாலும் சரி. உள்ளே போன சேறு தானாக வெளியே வராது.

மோட்டாரை வண்டியிலிருந்து எடுப்பது சுலபம், இரண்டு போல்ட். பிரிப்பதற்கு முன் மூடிக்கும் உடம்புக்கும் சேர்த்து ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள், திரும்ப மாட்டும்போது அது பொருந்த வேண்டும். நீள போல்ட் இரண்டையும் எடுத்ததும் பின்மூடி வரும். ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் மெல்லிய வாஷர்கள் இருக்கும். எந்தப் பக்கம் எத்தனை என்று எழுதிவையுங்கள், அவை பிசுக்கில் மூடியோடு ஒட்டிக்கொண்டு வந்து சாக்கடைப் பக்கம் உருளப் பார்க்கும். ஆர்மேச்சரை (மோட்டாரின் சுற்றும் பகுதி) இழுத்தால் காந்தம் பிடித்து இழுக்கும், வந்துவிட்டது என்று நினைக்கும்போது மறுபடி உள்ளே போகும்.

என்னுடையதில் நான் பார்த்தது: கம்யூடேட்டர் (ஆர்மேச்சரில் பிரஷ் உரசும் செம்பு வளையம்) மேல் கரித்தூளும் வெள்ளச் சேறும் கலந்து தார் மாதிரி ஒரு பூச்சு. செம்புப் பட்டைகளுக்கு நடுவே இருக்கும் பள்ளம் முழுக்க அதுவே. பிரஷ் ஒன்று கூட்டில் இறுகிவிட்டிருந்தது. ஸ்பிரிங் தள்ளுகிறது, அது நகரவில்லை. இந்த நிலையில் பட்டனை அமுக்கியிருந்தால் ‘டக்’ மட்டும் கேட்டிருக்கும், பேட்டரியும் குனிந்திருக்காது. தம்பியின் வண்டியில் எர்த் பண்ணிய வேலையை இங்கே பிரஷ் பண்ணியிருக்கும்.

ஸ்குரூடிரைவர் கைப்பிடியால் மோட்டாரைத் தட்டினால் ஸ்டார்ட் ஆகிறது என்கிறார்களே, அதற்குக் காரணம் இந்த இறுகிய பிரஷ்தான். தட்டும்போது அசைந்துகொடுக்கிறது. அவசரத்துக்குத் தட்டலாம். ஸ்பேனரால் அறைவது வேறு. உடம்பின் உட்புறம் காந்தம் ஒட்டித்தான் வைத்திருக்கிறார்கள், விரிசல் விட்டால் மோட்டார் மொத்தமும் குப்பை.

செம்பை மெல்லிய சாண்ட் பேப்பரால் சுற்றிலும் துடைத்தேன். எமரி வேண்டாம், அதன் துகள் செம்பில் பதிந்து பிரஷ்ஷைத் தின்னும். பள்ளங்களை உடைந்த ஹாக்ஸா பிளேடு முனையால் ஒவ்வொன்றாகக் கீறிச் சுத்தம் செய்தேன். பிறகு மீட்டர். செம்புப் பட்டைகள் ஒன்றுக்கொன்று கன்டினியூட்டி காட்ட வேண்டும், எந்தப் பட்டைக்கும் ஷாஃப்ட்டுக்கும் காட்டவே கூடாது. இங்கே மட்டும் அந்த பீப்புக்கு மரியாதை.

ஒயர் மாட்டும் போல்ட் உடம்பைத் துளைத்து வெளியே வரும் இடத்தில் ஃபைபர் வாஷர்களும் ஒரு ரப்பர் வளையமும் இருக்கும். எந்த வரிசையில் கழற்றினீர்களோ அதே வரிசையில் போட வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் பேட்டரியின் பிளஸ் நேராக மோட்டார் உடம்பில் படும், பட்டனை அமுக்கியதும் ரிலே ஒட்டிக்கொண்டு ஒயர் எரியும். மாட்டி முடித்ததும் போல்ட்டுக்கும் உடம்புக்கும் அளந்து பார்த்தால் பிரஷ்ஷும் ஆர்மேச்சரும் வழியாக எப்படியும் கன்டினியூட்டி வரும், அதனால் அந்தச் சோதனையை ஆர்மேச்சரை உள்ளே விடுவதற்கு முன்பே செய்துவிடுங்கள், பிளஸ் பிரஷ் எங்கும் படாமல்.

ஆர்மேச்சரை உள்ளே விடும்போது பிரஷ் இரண்டும் ஸ்பிரிங்கில் துருத்திக்கொண்டு வழிவிடாது. பழைய சைக்கிள் ஸ்போக்கை வளைத்துக் கொக்கி செய்து பின்னால் இழுத்துப் பிடித்தேன். வீட்டில் மூன்றாவது கை ஒன்று இருந்தால் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். ஓ-ரிங்குகளைப் புதிதாகப் போடுங்கள், பழையது நசுங்கித் தட்டையாகி இருக்கும், தண்ணீர் உள்ளே போனதே அதன் வழியாகத்தான்.

17.12.2023

நேற்று எழுதியதில் ஒரு சேர்ப்பு. கரித்தூளைப் பெட்ரோலால் கழுவினேன் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். மூடிய மோட்டாருக்குள் பெட்ரோல் வாசம் தங்கியிருக்க, உள்ளே பிரஷ் பொறி விடும். கான்டாக்ட் கிளீனர் அடித்து நன்றாகக் காயவிடுங்கள்.

2.1.2024

செங்கல்பட்டுத் தம்பி திரும்பி வந்திருக்கிறார். இந்த முறை வேறு பாட்டு: “அமுக்கினா மோட்டார் ‘கிர்ர்ர்’னு வேகமா சுத்துது அண்ணா, என்ஜின் சுத்தல. அஞ்சு தடவைல ஒரு தடவை பிடிக்குது.”

மின்சாரத்துக்கு இதில் வேலை இல்லை. ஒன்வே கிளட்ச். மோட்டார் சுற்றும்போது என்ஜினைப் பிடித்துச் சுற்ற வேண்டும், என்ஜின் ஓட ஆரம்பித்ததும் மோட்டாரை விட்டுவிட வேண்டும். அந்த வேலைக்காக மேக்னட்டுக்கு (என்ஜினோடு சுற்றும் காந்தச் சக்கரம்) பின்னால் இருப்பது. பழைய வண்டிகளில் பெரும்பாலும் மூன்று ரோலர், ஒவ்வொன்றையும் தள்ளிப் பிடிக்க ஒரு பின், ஒரு ஸ்பிரிங். ஸ்பிரிங் தளர்ந்தாலோ ரோலர் ஓரிடத்தில் தட்டையானாலோ வழுக்கும்.

ஏன் இப்போது? பெயிண்ட் அடித்த பிறகு இரண்டு மாதம் பாதி வோல்டேஜில் அமுக்கிக்கொண்டே இருந்தாரே, அதை நினைக்கிறேன். மோட்டாருக்குத் தெம்பில்லாமல் பிஸ்டன் மேலே ஏறும் முன்பே பிளக் பொறி விட்டால் என்ஜின் பின்பக்கம் உதைக்கும். கிக்கரில் அந்த உதை கணுக்காலுக்கு வரும். செல்ஃபில் அது நேராக ரோலருக்குப் போகும். வீக்கான பேட்டரியோடு செல்ஃபை வதைக்காதே என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வதன் காரணம் இதுதான். பதினாறு வருஷ வண்டி, தேய்மானமும் பங்கு போட்டிருக்கும்.

சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை: செல்ஃப் மோட்டாரைக் கழற்றிவிட்டு உள்ளே தெரியும் பல்சக்கரத்தை விரலால் சுற்றுங்கள். ஒரு பக்கம் இலேசாகச் சுற்ற வேண்டும், மறுபக்கம் கெட்டியாகப் பிடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் சுற்றினால் முடிந்தது.

இதை வாசலில் உட்கார்ந்து செய்ய வேண்டாம். மேக்னட்டைக் கழற்ற அதற்கென்று புல்லர் வேண்டும். புல்லர் இல்லாமல் சுத்தியலால் தட்டி எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுங்கள். உள்ளே உள்ள காந்தம் உடைந்தால் செலவு பல மடங்கு. கேஸ்கட் புதிதாக வாங்கி வையுங்கள், ஆயில் கொஞ்சம் வெளியே வரும்.

5.1.2024

பழைய பாகம் சென்னை புதுப்பேட்டையில் வாங்கலாமா? கவர், ஃபுட்ரெஸ்ட், மட்கார்டு என்றால் தாராளமாக. ரோலரும் ஸ்பிரிங்கும் வேண்டாம், தேய்ந்ததைக் கழற்றிவிட்டு இன்னொருவர் தேய்த்ததைப் போடுவதற்கு எதற்கு இவ்வளவு வேலை? ஜி.பி. ரோட்டில் புதிது கேளுங்கள், பழைய ரோலரைக் கையில் கொண்டுபோய் அளவு ஒப்பிட்டு வாங்குங்கள்.

இடையில் கிக்கர் சண்டை ஒன்று ஓடியிருக்கிறது. “கிக்கர் இருந்தால் இந்த விவாதமே தேவையில்லை” என்று ஒரு கட்சி, “கிக்கர் இருந்ததால்தான் தம்பி இரண்டு மாதம் கோளாறைத் தள்ளிப்போட்டார்” என்று மறு கட்சி. நான் இரண்டாவது கட்சி, ஆனால் கிக்கரைக் கழற்றச் சொல்ல மாட்டேன். 1965-ல் ஹார்லி எலெக்ட்ரா கிளைடுக்கு அந்தப் பெயரே செல்ஃப் வைத்ததால் வந்தது, அதற்காகப் பெருமைப்பட்டார்கள். நம் ஊரில் 1980களில் கைனடிக் ஹோண்டா வந்தபோது பட்டனை அமுக்கி ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆவதைத் தெருவே பார்த்தது. இன்று பிஎஸ்-6 (புதிய புகை விதிக்கு ஏற்ற) வண்டி பலவற்றில் கிக்கரே கிடையாது. பேட்டரி படுத்தால் தள்ள வேண்டியதுதான். இரண்டாவது கியர், கிளட்சைப் பிடித்துத் தள்ளி, வேகம் வந்ததும் விடுங்கள். பேட்டரி சுத்தமாக இறங்கியிருந்தால் இன்ஜெக்‌ஷன் வண்டியில் அதுவும் நடக்காது, பெட்ரோல் பம்புக்கே கரண்ட் வேண்டும்.

18.1.2024

பொங்கல் லீவில் ரோலர், ஸ்பிரிங் எல்லாம் மாற்றியாயிற்று, செல்ஃப் முதல் அமுக்கிலேயே பிடிக்கிறது என்று தம்பி எழுதியிருக்கிறார். பழைய ரோலரின் படமும் இருக்கிறது. மூன்றில் ஒன்றின் பக்கவாட்டில் நீளமாக ஒரு தட்டைக் கோடு, விரல் நகத்தை வைத்தால் தட்டுப்படும் அளவுக்கு.

என்ஜின் ஓடும்போது 4000 ஆர்பிஎம்மில் பேட்டரியில் எவ்வளவு என்று அளக்கச் சொல்லியிருந்தேன்: 14.1. சார்ஜிங் நன்றாக இருக்கிறது. 13.5-க்குக் கீழே இருந்தால் அடுத்த பேட்டரியையும் தின்றிருக்கும், 15-க்கு மேல் இருந்தால் கொதிக்க வைத்திருக்கும், இரண்டுக்கும் ரெகுலேட்டரைப் பார்க்க வேண்டும்.

தம்பி, வண்டி நன்றாக இருக்கும் இந்த நேரத்து எண்களை, நின்றபடி 12.7, அமுக்கும்போது 10.3, எர்த் 0.2, ஓடும்போது 14.1, மார்க்கர் பேனாவால் சீட்டின் அடிப்பக்கம் தேதியோடு எழுதிவையுங்கள். அடுத்த முறை செல்ஃப் மக்கர் பண்ணினால் எந்த மெக்கானிக்கிடம் போனாலும் முதலில் சீட்டைத் திருப்பிக் காட்டலாம்.